கம்ப்ரஷன் கேஜா, லீக் டவுன் டெஸ்டா?

ஏடிவி (கரடுமுரடான பாதையில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி) ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது, மேட்டில் இழுவையும் இல்லை. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அழுத்தும் அழுத்தம், போய்விட்டதா என்று பார்க்க இரண்டு வழிகள்.

கம்ப்ரஷன் கேஜ் சுலபம். எஞ்சினைச் சூடாக்கி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் கேஜை மாட்ட வேண்டும். திராட்டிலை முழுக்கத் திறந்து பிடித்து, முள் ஏறுவது நிற்கும்வரை செல்ஃப் அடிக்க வேண்டும். பேட்டரி நோஞ்சானாக இருந்தால் அளவு பொய் சொல்லும். இன்னொரு வம்பு, ஆட்டோ டிகம்ப்ரஷன். பல நான்கு ஸ்ட்ரோக் ஏடிவிகளில் செல்ஃப் அடிக்கும்போது எக்ஸாஸ்ட் வால்வை இது லேசாகத் திறந்துவிடும். நல்ல எஞ்சினிலும் முள் கீழேயே நிற்கும். மேனுவலில் உள்ள எண்ணைப் பார்க்காமல் எஞ்சினைப் பிரித்துவிடாதீர்கள்!

லீக் டவுன் டெஸ்ட் என்பது சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்தி, அது எங்கே கசிகிறது என்று பார்ப்பது. இதற்கு ஏர் கம்ப்ரஸர் வேண்டும், பொறுமையும் வேண்டும். கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டனை உச்சியில் நிறுத்திக் காற்றைச் செலுத்த வேண்டும். உச்சி கொஞ்சம் தப்பினாலும் எஞ்சின் வெடுக்கென்று சுற்றும், கை ஜாக்கிரதை. அப்புறம் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். சைலென்சரில் உஸ்ஸென்றால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டர் பக்கம் என்றால் இன்டேக் வால்வு, ஆயில் மூடியில் என்றால் ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்). ரேடியேட்டரில் குமிழி வந்தால் பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டருக்கும் அதன் ஹெட்டுக்கும் நடுவே கசிவை அடைக்கும் தகடு).

கேஜிலும் ஒரு குறுக்குவழி உண்டு: சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். முள் நன்றாக ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஆனால் எந்த வால்வு என்று அது சொல்லாது. பழைய வண்டி வாங்கப் போகிறவருக்குக் கேஜ் போதும். எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் நான் லீக் டவுன்தான் பார்ப்பேன்.