மத்திகெரேயில் ஒரு மாண்டிசோரி: மூன்று வருடம் மகளை அனுப்பிய அனுபவம்

பெங்களூர் மத்திகெரேயில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் நடக்கிறது அந்த மாண்டிசோரிப் பள்ளி. பிள்ளைகள் சாமான்களைக் கையில் எடுத்துத் தாங்களே செய்து கற்றுக்கொள்ளும் முறை அது. முப்பத்தைந்து பிள்ளைகள், நான்கு ஆன்ட்டிகள். மிஸ், மேடம் எல்லாம் அங்கே கிடையாது, பிள்ளைகள் ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். மகள் இரண்டே முக்கால் வயதில் சேர்ந்தாள், இப்போது ஆறு வயது ஆகப் போகிறது. குறைகளையும் சொல்லப் போவதால் பள்ளியின் பெயரை எழுதவில்லை. யஷ்வந்த்பூர், ஜாலஹள்ளி பக்கம் பிள்ளைக்கு இடம் தேடும் தமிழ்க் குடும்பங்களுக்கு, எதைப் பார்த்துச் சேர்ப்பது என்று தெரிந்தால் போதும்.

முதலில் வேறொரு இடத்தில் சேர்த்திருந்தோம். பலகையில் பெரிதாக மாண்டிசோரி என்று போட்டிருந்தார்கள். மூன்றாவது வாரமே கோடு போட்ட நோட்டு வந்துவிட்டது. ஒரே வயதுப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து ஏ, பி, சி, டி எழுதிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் எடுத்துச் செய்து கற்க வேண்டிய மரச் சாமான்கள் எல்லாம் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி இருந்தன. கேட்டால், "பிள்ளைங்க தொலைச்சிடுவாங்க சார்" என்றார்கள். மாண்டிசோரி என்பது ஒரு கம்பெனியின் சொந்தப் பெயர் இல்லை, யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம் என்பது அப்போதுதான் தெரிந்தது. கட்டிய பணம் போனால் போகிறது என்று மூன்று மாதத்தில் நிறுத்திவிட்டோம்.

இந்தப் பள்ளியில் சேர்த்து நாலு மாதம் கழித்து, பெற்றோர் வந்து பார்க்கலாம் என்று ஒரு நாள் கூப்பிட்டார்கள். மூலையில் ஒரு நாற்காலி, ஒரு மணி நேரம். பேசக் கூடாது. நம் பிள்ளை ஓடி வந்தால்கூட ஒரு சிரிப்பு சிரித்துத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். நான் போய் உட்கார்ந்தபோது மணி ஒன்பதேகால். முன்னால் நின்று யாரும் பாடம் நடத்தவில்லை. ஒரு பையன் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான். இன்னொருத்தி செடியின் இலையை ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று மூன்று வயதுப் பிள்ளைக்குப் பித்தான் போடக் காட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சாமானிலும் ஒன்றுதான் வைத்திருக்கிறார்கள். வேறு யாராவது எடுத்திருந்தால் அவர்கள் திரும்ப வைக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

என் மகள் ஒரு ட்ரேயைத் தூக்கி வந்தாள். அதில் இரண்டு சின்னக் கண்ணாடிக் குவளைகள், ஒன்றில் தண்ணீர். இதிலிருந்து அதற்கு ஊற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை. மூன்றாவது முறை கை ஆடித் தண்ணீர் ட்ரே முழுக்கக் கொட்டிவிட்டது. நான் பாதி எழுந்துவிட்டேன். எதிர்ப் பக்கத்திலிருந்து ஆன்ட்டி உள்ளங்கையைக் காட்டி உட்காரச் சொன்னார். மகள் அந்தத் தண்ணீரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் எழுந்து போய் ஸ்பாஞ்சை எடுத்து வந்து, வைத்து அழுத்தி, கிண்ணத்தில் பிழிந்தாள். மறுபடி அழுத்தி மறுபடி பிழிந்தாள். ட்ரேயின் ஓரத்தில் தேங்கியிருந்ததை ஸ்பாஞ்சின் முனையால் இழுத்து எடுத்தாள். எல்லாம் காய்ந்ததும் குவளையில் புதுத் தண்ணீர் பிடித்து வந்து மறுபடி ஊற்ற ஆரம்பித்தாள். மொத்தம் இருபது நிமிடம் இருக்கும். யாரும் கை தட்டவில்லை, வெரி குட் சொல்லவில்லை, அவளும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வெளியே வரும்போது ஆன்ட்டியிடம் கேட்டேன். கன்னடக்காரர், ஆனால் நன்றாகத் தமிழ் பேசுவார். "தண்ணி கொட்டினதை அவளே பார்த்துட்டா சார். நாம போயிருந்தா அவ நம்ம முகத்தைத்தான் பார்த்திருப்பா" என்றார். அன்றைக்கே மூன்று வருடமும் இங்கேதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

நான் பீன்யாவில் ஒரு டூல் ரூமில் (கருவிகள், அச்சுகள் செய்யும் பட்டறை) வேலை பார்க்கிறேன், பதினாறு வருடமாக. அதனால் அந்த மரச் சாமான்களை வேறு கண்ணால் பார்த்தேன் என்று நினைக்கிறேன். சிலிண்டர் பிளாக் என்று ஒன்று இருக்கிறது. ஒரு மரக்கட்டையில் பத்துக் குழிகள், பிடிக்கக் குமிழ் வைத்த பத்து உருளைகள். இப்படி நான்கு கட்டைகள். ஒன்றில் உருளையின் தடிமன் மட்டும் மாறும், உயரம் ஒன்றே. ஒல்லி உருளையைப் பெரிய குழியில் போட்டுவிட்டால் கடைசியில் கையில் ஒன்று மிஞ்சும், அது எந்தக் குழியிலும் போகாது. வேறு ஒரு கட்டையில் உயரம் மட்டும்தான் மாறும். அதில் எந்த உருளையும் எந்தக் குழியிலும் போய்விடும், ஆனால் ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும், இன்னொன்று உள்ளே இறங்கிவிடும். விரலால் மேலே தடவினாலே தெரியும். நாங்கள் பட்டறையில் கோ, நோ-கோ கேஜ் (துளை சரியான அளவென்றால் ஒரு முனை நுழையும், மறு முனை நுழையாது) போட்டு ஒரு துளையைப் பார்ப்பது இதே வேலைதான். சரியா தப்பா என்று சூப்பர்வைசர் வந்து சொல்ல வேண்டியதில்லை, கையில் இருக்கும் கேஜே சொல்லிவிடும். அதை மூன்று வயதுப் பிள்ளைக்கு மரத்தில் செய்து கொடுத்திருக்கிறார்களே என்று எனக்கு உண்மையிலேயே மலைப்பாக இருந்தது.

இதை யோசித்து வைத்தவர் ஒரு டாக்டர். மரியா மாண்டிசோரி, இத்தாலிக்காரர். 1907-ல் ரோமில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் முதல் பள்ளியைத் தொடங்கினார். 1939-ல் அடையாறு பிரம்மஞான சபை அழைத்து மெட்ராஸுக்கு ஆசிரியர் பயிற்சி நடத்த வந்தார். அடுத்த வருடம் இத்தாலி போரில் இறங்கியதும், எதிரி நாட்டவர் என்று பிரிட்டிஷ் அரசு அவர் மகனைக் காவலில் வைத்துவிட்டது, இவரும் ஊருக்குத் திரும்ப முடியவில்லை. போர்க் காலத்தில் கொஞ்ச வருடம் கொடைக்கானலில் இருந்திருக்கிறார். எனக்குச் சிவகங்கைப் பக்கம், கொடைக்கானலுக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஆன்ட்டி சொல்லும்வரை இது எனக்குத் தெரியாது.

சரி, வீட்டுக்கு வருவோம். இந்தப் பள்ளியில் சேர்ப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, வீட்டிலும் நாம் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது. அங்கே தானே ஷூ போடும் பிள்ளைக்கு இங்கே நாம் போட்டுவிட்டால், ஒரே வாரத்தில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. எனக்கு எட்டு மணி ஷிப்ட், ஏழு இருபதுக்காவது வண்டியை எடுக்க வேண்டும். அவளோ ஒரு ஷூவுக்கு ஆறு நிமிடம் எடுத்துக்கொள்வாள், சில நாள் இடது வலது மாறிப்போகும். முதல் மாதம் பொறுக்க முடியாமல் நானே மாட்டிவிட்டேன். மனைவிதான் அலாரத்தை இருபத்தைந்து நிமிடம் முன்னால் வைத்தாள். பெரிய செலவு எதுவும் இல்லை. பாத்ரூம் வாஷ்பேசினுக்குக் கீழே போட பிளைவுட்டில் ஒரு படி செய்தேன். அவள் உயரத்துக்கு இரண்டு கொக்கி அடித்தேன். சமையலறையில் கடைசித் தட்டில் அவளுடைய தட்டு, டம்ளர், ஒரு குட்டி எவர்சில்வர் சொம்பு. பசித்தால் தட்டை அவளே எடுத்து வருவாள்.

ஊரிலிருந்து என் அம்மா வந்தபோது பெரிய பிரச்சினை ஆனது. "ஏன்டா, புள்ள கையில போயி கண்ணாடி டம்ளரைக் குடுத்திருக்க?" என்று முதல் நாளே சண்டை. ஊட்டித்தான் விடுவேன் என்று பிடிவாதம் வேறு. நான் எதிர்த்துப் பேசவில்லை. பள்ளியில் பயறை ஸ்பூனால் ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்கு மாற்றுவார்கள் என்று மட்டும் ஒரு நாள் சொன்னேன். அம்மா மார்க்கெட்டிலிருந்து ஒரு கிலோ மொச்சை வாங்கி வந்து, பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்து உரிக்கச் சொன்னார். காயின் முதுகில் நகத்தை எங்கே வைத்து அழுத்த வேண்டும் என்று ஒரே முறை காட்டினார், மெதுவாக, வாயே திறக்காமல். ஆன்ட்டிகள் பள்ளியில் காட்டுவதும் அப்படித்தான். அதற்கு அப்புறம் கீரை ஆய்வது, வெள்ளைப் பூண்டு உரிப்பது எல்லாம் அப்பத்தாவும் பேத்தியும்தான். ஊட்டுவது இன்னும் நிற்கவில்லை, அதை விட்டுவிட்டேன்.

எழுத்துக்கு உப்புத்தாள் ஒட்டிய அட்டைகள் வைத்திருக்கிறார்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்த்து, எழுதும் திசையிலேயே தடவிக்கொண்டு அந்தச் சத்தத்தைச் சொல்ல வேண்டும். "இது ம்" என்பார்கள். அப்புறம் "ம் எது, காட்டு" என்பார்கள். கடைசியில்தான் "இது என்ன?" என்ற கேள்வி. இங்கிலீஷும் கன்னடமும் இருந்தன, தமிழ் இல்லை. முப்பத்தைந்தில் பதினோரு பிள்ளைகள் தமிழ் வீடு, கேட்டுப் பார்த்தோம், ஆள் இல்லை என்றார்கள்.

எமரி ஷீட், அதாவது உப்புத்தாள், எனக்குத் தினமும் புழங்குகிற சாமான். சொரசொரப்பான அறுபதாம் நம்பரில் முதல் "அ" வெட்டி ஒட்டினேன், மகள் ஒரு தடவை தடவிவிட்டு விரலை ஊதிக்கொண்டாள். அதைவிட நைசான நூற்றைம்பதுக்கு மாறினேன். பள்ளியில் இருக்கிற மாதிரியே உயிர் பன்னிரண்டும் நீல அட்டையில், மெய் பதினெட்டும் ரோஸ் அட்டையில். இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. வெட்டும்போதுதான் தெரிந்தது, தமிழுக்கு இந்த முறை எவ்வளவு பொருந்துகிறது என்று. இங்கிலீஷில் எழுத்தின் பெயர் ஒன்று, சத்தம் ஒன்று, அதைப் பிரித்துச் சொல்ல ஆன்ட்டிகள் படாத பாடு படுகிறார்கள். நமக்கு "அ" என்றால் அ. மெய்க்கு மட்டும் இக், இங் என்று முன்னால் ஒரு இகரம் போட்டுப் பழகியிருக்கிறோம், அதை எடுத்துவிட்டு வெறும் க், ங் என்றே சொல்லிக் கொடுத்தேன். ஐந்து மாதம் கழித்து ஒரு நாள், "ம்" அட்டையையும் "ஆ" அட்டையையும் தரையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, மகள் "அப்பா, மா!" என்று கத்தினாள். உயிர்மெய்யைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

குறைகளுக்கு வருகிறேன். முதல் வருடம் 72,000 ரூபாய் கட்டினோம், மூன்றாம் வருடம் 94,000. அந்த உயர்வை மே மாதக் கடைசியில் ஒரு வாட்ஸப் மெசேஜில் சொன்னார்கள். என் மாதிரிச் சம்பளக்காரன் அதற்குள் எங்கே போவது? ஜனவரியிலேயே சொல்லியிருக்கலாம். பெற்றோர் கூட்டம் முழுக்க இங்கிலீஷ், என் மனைவி இரண்டு கூட்டத்துக்குப் போய்விட்டு நிறுத்திக்கொண்டாள். ஓடி விளையாட இடம் போதாது, கார் நிறுத்துகிற அளவு மணல்தான். பிள்ளை இன்று என்ன செய்தாள் என்று நாமாகக் கேட்டால்தான் பதில் வரும்.

எனக்கு மிகவும் வருத்தமான விஷயம் இன்னொன்று. மூன்று வயது முதல் ஆறு வயது வரை ஒரே அறையில் இருந்தால்தான் இது வேலை செய்யும், சின்னவர்கள் பெரியவர்களைப் பார்த்து எடுத்துக்கொள்வார்கள். ஆனால் பெரிய பள்ளியில் சீட் போய்விடும் என்று பயந்து, நிறையப் பேர் இரண்டாம் வருடமே பிள்ளைகளை எல்.கே.ஜி., யு.கே.ஜி.க்கு மாற்றிவிடுகிறார்கள். மகளின் மூன்றாம் வருடத்தில் அவள் வயதுப் பிள்ளைகள் நாலே பேர்தான். பள்ளி இதைச் சேர்க்கும்போதே பெற்றோரிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நான் சொல்கிறேன்: மூன்று வருடமும் விட முடியாது என்றால் சேர்க்காதீர்கள். தங்க மணிகள் என்ற கணக்குச் சாமானில் ஒற்றை மணி, பத்து மணி கோத்த கம்பி, நூறு மணிச் சதுரம், ஆயிரம் மணிக் கனசதுரம் என்று கையில் தூக்கிப் பார்த்துக் கூட்டல் கணக்குப் போடுவது எல்லாம் கடைசி வருடத்தில்தான் வேகம் பிடிக்கிறது. ஒன்றாம் வகுப்புக்கு வேறு பள்ளியில் இப்போது சேர்த்திருக்கிறோம். வாசிக்கிறாள், கணக்கில் பயம் இல்லை, ஆனால் போர்டைப் பார்த்து வேகமாக எழுதிப் பழக்கம் கிடையாது. அதற்கு ஒரு டெர்ம் ஆகலாம் என்று புதுப் பள்ளியில் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

தேடுகிறவர்கள், காலை பத்து மணிக்குச் சொல்லாமல் போய் வகுப்பைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் நேரம் கேட்டு வாங்கி, கண்டிப்பாக ஒரு மணி நேரமாவது உட்காருங்கள். சாமான்கள் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில், திறந்த அலமாரியில் இருக்கிறதா, தண்ணீர் கொட்டினால் யார் துடைக்கிறார்கள் என்று பாருங்கள்.

சின்னவனுக்கு அக்டோபரில் இரண்டரை வயது. அவனுக்கும் இங்கேயே ஃபார்ம் வாங்கி வைத்திருக்கிறேன். எழுத்து அட்டைகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. "ழ்" மட்டும் புதிதாக வெட்ட வேண்டும், அக்கா தடவித் தடவி எமரி வழவழப்பாகிவிட்டது.