மூன்று மடக்குக் கத்திகளும் ஒரு தீட்டுக்கல்லும்

பார்சல் புக்கிங் ஆபீஸில் கத்தி இல்லாமல் அரைமணி நேரம்கூட ஓட்ட முடியாது. அட்டைப்பெட்டி டேப், சாக்கு வாய்த் தையல், பெட்டியைச் சுற்றி இறுக்கிய பிளாஸ்டிக் பட்டை, சணல் முடிச்சு என்று காலையில் ஆரம்பித்தால் ஷட்டரை இறக்கும்வரை எதையாவது அறுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டுக்குப் போனால் கொல்லையில் வாழை இலை அறுக்கணும், கொய்யா நறுக்கணும், ஆடுகிற சுவிட்ச் போர்டுத் திருகை முடுக்கணும். இத்தனைக்கும் ஒரே கருவி போதுமா, போதுமென்றால் எது என்று தெளிவாக எனக்கு ஆறு வருடம் ஆனது. அந்த ஆறு வருடத்தில் விக்டோரினாக்ஸ் பயனியர், லெதர்மேன் வேவ், ஒபினெல் 8 என்ற மூன்று மடக்குக் கத்திகளையும் புழங்கிவிட்டேன். இப்போது தினமும் என் பேன்ட் பையில் இருப்பது பயனியர்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேப்பர் கட்டர் டேப் அறுக்க நல்லது. ஆனால் பிளாஸ்டிக் பட்டையில் வைத்து இழுத்தால் பிளேடு துண்டாக ஒடிந்து தெறிக்கும். கண்ணுக்கு ஆபத்து. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பெயரில்லாத மல்டிடூல்களில் (பல கருவிகள் ஒன்றுக்குள் மடங்கியவை) இரண்டு வாங்கினேன். இரண்டிலும் கட்டிங் பிளேயரின் ஆணி சில வாரத்திலேயே தளர்ந்து, வாய் ஒன்றோடொன்று சேராமல் போய்விட்டது. அந்தப் பணத்தைச் சேர்த்து வைத்திருந்தால் நல்லதை முன்பே வாங்கியிருக்கலாம்.

சரி, இந்த மூன்றுக்கு வருவோம்.

லெதர்மேனை நான் காசு கொடுத்து வாங்கவில்லை. என் மனைவியின் தம்பி கப்பலில் இன்ஜின் ரூமில் வேலை பார்க்கிறான். லீவில் வந்திருந்தபோது என் பயனியரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அத்தான், ஒரு நட்டு கழண்டா இத வச்சு என்ன செய்வீங்க?" என்று கேட்டான். போகும்போது தன்னிடம் கூடுதலாக இருந்த வேவை விட்டுவிட்டுப் போனான். எட்டு மாதம் அதையே வைத்திருந்தேன்.

அவன் கேட்டது நியாயமான கேள்வி. லெதர்மேன் பிறந்ததே அந்தக் கேள்வியில்தான். 1975இல் டிம் லெதர்மேன் என்ற அமெரிக்கர் மனைவியோடு ஐரோப்பாவைச் சுற்றினார். ஓட்டியது அடிக்கடி நின்றுபோகும் ஒரு பழைய ஃபியட். தங்கிய விடுதிகளில் ஒழுகும் குழாய்கள். கையில் இருந்த பேனாக்கத்தியை வைத்து எவ்வளவோ சமாளித்தும், ஒரு பிளேயர் இல்லாத குறை தீரவில்லை. ஊர் திரும்பி வரைந்து, செய்து, பல வருடம் அலைந்து 1983இல் முதல் மாடலை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஆகவே லெதர்மேன் என்பது அடிப்படையில் ஒரு கட்டிங் பிளேயர், அதன் கைப்பிடிக்குள் கத்தி இருக்கிறது. விக்டோரினாக்ஸ் நேர்மாறு. அது கத்தி, கூடவே சில கருவிகள். 1890களில் சுவிஸ் ராணுவ வீரருக்குக் கொடுத்த கத்தியில் இருந்தவை நான்கு: கத்தி, குத்தூசி, டின் திறப்பான், திருப்புளி. பயனியரில் இன்றும் ஏறக்குறைய அதே நான்குதான். டின் திறப்பான் முனையில் ஒரு சின்னத் திருப்புளி, பாட்டில் மூடி திறப்பான் முனையில் ஒரு பெரிய திருப்புளி, அதன் ஓரத்தில் ஒயரின் தோலை உரிக்க ஒரு வெட்டு. அவ்வளவே.

நாள் முழுக்க எது கையில் வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் பாதி முடிவு வந்துவிடும். ஒரு வாரம் நான் கணக்கு வைத்துப் பார்த்தேன். நாற்பது தடவை அறுத்தால் இரண்டு தடவை திருகு முடுக்கினேன். பிளேயர் தேவைப்பட்டது ஒரே ஒரு தடவை, மரப்பெட்டியில் துருத்திக்கொண்டிருந்த ஆணியைப் பிடுங்க. அந்த ஒரு தடவை வேவ் செய்த வேலையைப் பயனியரால் செய்யவே முடியாது. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒரு தடவைக்காக மீதி நேரமெல்லாம் 241 கிராமைச் சுமக்க வேண்டும். பயனியர் சுமார் 70 கிராம். லுங்கி கட்டும் வீட்டு நேரத்தில் வேவை எங்கே வைப்பது என்பதே பெரும்பாடு. பெல்ட் உறை இருக்கிறது, ஆனால் ஆபீஸில் எல்லோரும் அதையே பார்க்கிறார்கள்.

வேவின் இரண்டு நல்ல குணங்களை விட்டுவிடக் கூடாது. கத்தியை ஒரு கையால் திறக்கலாம், மற்றொரு கையில் மூட்டை இருக்கும்போது இது பெரிய உதவி. திறந்த கத்தி பூட்டிக்கொள்ளும். பயனியரில் பூட்டு கிடையாது. வில்லின் அழுத்தம் மட்டுமே கத்தியைத் திறந்த நிலையில் நிறுத்துகிறது. முதுகுப் பக்கமாக அழுத்தம் விழுந்தால் மடங்கி விரலில் இறங்கும். எனக்கு இதுவரை அப்படி நடக்கவில்லை. குத்துகிற வேலைக்குக் கத்தியின் முனையைப் பயன்படுத்துவதில்லை என்று பழக்கிக்கொண்டதே காரணம். துளை போட வேண்டுமென்றால் குத்தூசி. பிளாஸ்டிக் தொட்டிக்கு அடியில் நீர் வடியத் துளை, பெல்ட்டில் கூடுதலாக ஒரு துளை என்று அது அருமையாக வேலை செய்யும். ஆனால் வீட்டில் சிறு பிள்ளைகள் எடுத்துப் புழங்குவார்கள் என்றால் பூட்டு இல்லாததை யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒபினெல்லைப் பற்றி எனக்குப் பாசம் உண்டு. பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒபினெல் 1890இல் செய்ய ஆரம்பித்தது. பீச் (beech) மரப்பிடி, ஒரு கத்தி, ஓர் இரும்பு வளையம். வேறொன்றும் இல்லை. கத்தியைப் பூட்டும் அந்தத் திருகு வளையம் 1955இல் சேர்ந்தது. 8ஆம் எண்ணின் கத்தி 8.5 செ.மீ. அந்தத் தகடு எவ்வளவு மெல்லியது என்பது தக்காளியில் வைத்தால்தான் தெரியும். தோல் நசுங்காமல் இறங்கும். மாங்காயைக் கீறுவது, எலுமிச்சையைப் பிளப்பது இவற்றில் மற்ற இரண்டும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. அப்புறம் ஏன் அதைத் தினசரிக்கு வைக்கவில்லை? நான் தூத்துக்குடியில் இருக்கிறேன்.

இந்த ஊரில் கடற்காற்று ஆணியைக்கூட விடாது. என்னுடையது கார்பன் எஃகு ஒபினெல். ஒரு நாள் இரவு எலுமிச்சை நறுக்கிவிட்டுத் துடைக்க மறந்தேன். காலையில் பார்த்தால் கத்தி நீளத்துக்குக் கறுப்பு, அதன் நடுவே சிவப்புத் துரு. கறுப்பால் கெடுதல் இல்லை, அது படியப்படிய எஃகுக்கே ஒரு போர்வை. சிவப்பு அப்படியில்லை, கத்தி வாயை அரித்துவிடும். ஐப்பசி மழையில் இன்னொரு தொல்லை. மரப்பிடி ஈரத்தை உறிஞ்சி ஊதி, கத்தியை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். நகத்தால் இழுத்தால் வராது. பிடியின் பின்நுனியை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால் கத்தி கொஞ்சம் வெளியே தலைநீட்டும், பிறகு இழுக்கலாம். சவோய்க்காரர்கள் செய்யும் வித்தைதான் இது. வீட்டில் தட்டலாம், லாரி காத்துக்கொண்டிருக்கும்போது முடியாது. துருப்பிடிக்காத எஃகிலும் ஒபினெல் வருகிறது. அது என் கையில் இருந்ததில்லை. துருவுக்கு அது தேவலை என்றாலும் மரப்பிடி அதே மரப்பிடிதான்.

இப்போது என் முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். கத்தி வாங்குகிறவர்கள் எத்தனை கருவி இருக்கிறது என்று எண்ணுகிறார்கள். மூன்று மாதம் கழித்து அதை யார், எங்கே, எப்படித் தீட்டப்போகிறார் என்று யோசிப்பதில்லை. அட்டைப்பெட்டி கத்திக்குப் பெரிய எதிரி. அட்டையில் மண்ணும் தூசியும் கலந்திருக்கும். எந்தக் கத்தியானாலும் பத்து நாளில் வாய் மழுங்கிவிடும். மழுங்கிய கத்தியை அழுத்தி இழுக்கும்போதுதான் கை வெட்டுப்படுகிறது.

பயனியருக்கு முன்னால் என்னிடம் ஒரு விக்டோரினாக்ஸ் ஸ்பார்ட்டன் இருந்தது. மழுங்கியதும் தெருவில் சைக்கிளில் வந்த சாணைக்காரரிடம் கொடுத்தேன். "அரை நிமிசம் அண்ணாச்சி" என்று சக்கரத்தை மிதித்தார். பொறி பறந்தது. திருப்பி வாங்கும்போது கத்தி சுட்டது. நுனியில் ஒரு விரல்கடை நீளத்துக்கு நீலம் பாய்ந்திருந்தது. அன்று பளபளவென்று வெட்டியது, மறுநாளே மழுங்கியது. அதன்பின் அந்த நுனி எத்தனை தீட்டினாலும் நிற்கவில்லை. அவர்மேல் குறையில்லை, அரிவாளும் அரிவாள்மணையும் அவருடைய வேலை, அதில் அவர் கெட்டிக்காரர். மெல்லிய கத்தியை வேகமாகச் சுற்றும் கல்லில் தண்ணீரில்லாமல் வைத்தால் விளிம்பு சூடேறி எஃகின் பதம் போய்விடும். போன பதம் வீட்டில் திரும்பாது.

அன்றிலிருந்து நானே தீட்டுகிறேன். வேண்டியது ஒரு பக்கம் முரடும் மறுபக்கம் நயமுமான சாதாரணத் தீட்டுக்கல், ஹார்டுவேர் கடையில் கிடைப்பது போதும். கல்லை நனைத்து ஈரத்துணிமேல் வைத்தால் நகராது. கோணம்தான் எல்லோருக்கும் குழப்பம். இரண்டு பத்து ரூபாய் நாணயத்தை அடுக்கி, கத்தியின் முதுகை அந்த உயரத்துக்குத் தூக்கிப் பாருங்கள். பயனியர் அகலக் கத்திக்கு அது பதினைந்து டிகிரியை ஒட்டி வரும். கை அந்த உயரத்தைப் பழகியதும் நாணயத்தை எடுத்துவிடலாம். ஒரு பக்கமாகவே தீட்டிக்கொண்டு வந்தால் மறுபக்க விளிம்பில் மெல்லிய பிசிறு எழும். கண்ணுக்குத் தெரியாது, கட்டைவிரலை முதுகிலிருந்து விளிம்பு நோக்கி வருடினால் சொரசொரவென்று தட்டுப்படும். பிசிறு நுனிவரை வந்துவிட்டால் அந்தப் பக்கம் முடிந்தது. திருப்பி மறுபக்கம். பிறகு நயமான கல்லில் எடையே கொடுக்காமல் மாற்றி மாற்றி நாலைந்து இழுப்பு. கடைசியாகப் பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில், வாய் பின்னால் வரும்படி இருபது இழுப்பு. செய்தித்தாளை ஒரு கையில் தொங்கவிட்டு மேலிருந்து கீறினால் சத்தமில்லாமல் இறங்க வேண்டும். எங்காவது சிக்கினால் அந்த இடத்தில் பிசிறு மிச்சம் இருக்கிறது.

இது பயனியரில் பத்தே நிமிட வேலை. காரணம், விக்டோரினாக்ஸ் எஃகு கடினமானது அல்ல. எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 56ஐ ஒட்டியது. விலை கூடிய கத்திகளில் வரும் அறுபதுக்கு மேற்பட்ட எஃகு நீண்ட நாள் கூர் நிற்கும் என்பது உண்மை. ஆனால் மழுங்கினால் நம் கடைத் தீட்டுக்கல் அதில் வழுக்கிக்கொண்டு போகும், வைரத்தூள் பதித்த தகடு வாங்க வேண்டும். எனக்குப் பத்து நாளில் மழுங்கி பத்து நிமிடத்தில் திரும்பி வருகிற கத்திதான் தோது. ஒபினெல்லின் கார்பன் எஃகு இதைவிடவும் எளிதாகத் தீட்டுப்படும், அதற்கு அந்தப் பெருமையைக் கொடுத்தே ஆக வேண்டும். வேவில் இரண்டு கத்திகள். நேர்வாய்க் கத்தி பயனியர் அளவுக்கே எளிதாகத் தீட்டலாம். ரம்பப்பல் உள்ள இரண்டாவது கத்திதான் சிக்கல். ஒவ்வொரு பல்லுக்குள்ளும் உருண்டைக் குச்சி விட்டுத் தேய்க்க வேண்டும். பிளாஸ்டிக் பட்டையை முதலில் அதுதான் சுலபமாக அறுத்தது, ஆனால் இரண்டு மாதத்தில் மழுங்கியதை என்னால் முன்போல் கொண்டுவர முடியவில்லை. தெரிந்தவர் கையில் வேறு மாதிரி இருக்கலாம்.

தீட்டுவதோடு பராமரிப்பு முடிவதில்லை. வேவின் கைப்பிடிக்குள் அத்தனை கருவிகள், அத்தனை இடுக்குகள். பையின் பஞ்சு, அட்டைத் தூசி, டேப் பசை எல்லாம் உள்ளே போய்ச் சேரும். மூன்றாவது மாதம் பிளேயரின் ஒயர் வெட்டும் இடத்தில் ஆரஞ்சுப் புள்ளிகள் பார்த்தேன். எண்ணெய்த் துணியால் தேய்த்ததும் போயிற்று, இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது. கடலை விட்டு உள்தள்ளி இருப்பவர்களுக்கு, மதுரை, திருச்சிப் பக்கமெல்லாம், இந்தத் தொல்லை இருக்காது என்றே நினைக்கிறேன். பயனியரின் பிடி ஆனோடைஸ் செய்த அலுமினியம், கருவிகள் இரண்டு அடுக்குதான். சோப்புத் தண்ணீரில் முக்கி நான்கைத் திறந்து மூடி, உதறி, வெயிலில் வைத்தால் போதும். மூட்டில் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். ஆனால் கத்தியில் ஒட்டிய டேப் பசையைத் துடைத்தெடுக்கத் தேங்காய் எண்ணெய்தான் சிறந்தது, துடைத்தபின் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும்.

பயனியரில் எனக்கு ஒரே ஏக்கம், ஸ்பார்ட்டனின் பிளாஸ்டிக் பிடிக்குள் செருகியிருக்கும் சின்ன இடுக்கி இதில் இல்லை. உடைமுள் குத்தினால் அது செய்த உபகாரம் கொஞ்சமல்ல. அதற்காகவே ஸ்பார்ட்டன் வாங்குகிறேன் என்பவரைத் தடுக்க மாட்டேன், கத்தி எஃகு ஒன்றேதான். பயனியரை நான் வைத்திருப்பது நான்கு வருடம். எத்தனை தீட்டலுக்குப் பிறகு கத்தி மெலிந்து கைவிடும் என்பதற்கு என் அனுபவம் போதாது. இதுவரை அகலம் குறைந்ததாகத் தெரியவில்லை.

எலக்ட்ரீஷியன், பைக் மெக்கானிக், பம்ப்செட் பார்ப்பவர் என்றால் நான் சொன்ன எடையெல்லாம் பொருட்டில்லை, லெதர்மேன் வாங்குங்கள். கையில் பிளேயர் இருப்பது உங்களுக்கு அன்றாடத் தேவை. வேவ் இப்போது மச்சினன் கையிலேயே கப்பலில் இருக்கிறது, ஒபினெல் எங்கள் அடுப்படியில் துணி சுற்றி இருக்கிறது.

எதை வாங்கினாலும் விமானப் பயணத்தில் கைப்பையில் வைக்காதீர்கள், செக்‌இன் பெட்டியில் போடுங்கள். பாதுகாப்புச் சோதனையில் எடுத்துக்கொண்டால் திரும்பி வராது, என் பழைய ஸ்பார்ட்டன் போனது அப்படித்தான். போலியும் நிறைய வருகிறது. பெட்டியைப் பிரித்ததும் பெரிய கத்தியைத் திறந்து அடிப்பகுதியில் விக்டோரினாக்ஸ் பெயரும் சுவிஸ் தயாரிப்பு முத்திரையும் தெளிவாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு கருவியையும் திறந்து காதருகே வைத்து மூடுங்கள். நான்கும் ஒரே மாதிரி 'டக்'கென்று விழ வேண்டும். ஒன்று மட்டும் தொளதொளத்தால் அன்றே திருப்பி அனுப்பிவிடுங்கள்.