மலையோட்டத்துக்குப் பிறகு வாங்கிய சாமான்கள்: மூன்று வருடப் பாவனை

முதல் மலையோட்டம் முடிந்து வீடு வந்த மறுநாள் காலை, கக்கூசில் குந்தப் போனவன் பாதியில் நின்றுவிட்டேன். கீழே போகவும் தொடை விடவில்லை, மேலே எழும்பவும் விடவில்லை. எங்கள் வீட்டில் இருப்பது பழைய மாதிரிக் குந்து கக்கூசு. கதவுப் பிடியில் ஒரு கை, தண்ணீர்க் குழாயில் ஒரு கை என்று தொங்கிக்கொண்டிருந்தபோது வெளியிலிருந்து மனுசியின் குரல் கேட்டது: "என்ன, உள்ளுக்க நித்திரையா?"

அது 2023. எனக்கு அப்போது 51 வயது. 2022இல் பெட்ரோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றோமே, அந்த நேரத்தில் மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டுக் கல்லடியிலிருந்து மட்டக்களப்பு டவுனுக்கு நடந்து வேலைக்குப் போகத் தொடங்கினேன். பெட்ரோல் வந்த பிறகும் நடை நிற்கவில்லை, மெல்ல ஓட்டமாக மாறியது. அடுத்த வருடம் அப்புத்தளைப் பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்குள்ளாகப் போகும் 22 கிலோமீற்றர் ஓட்டம் ஒன்றுக்குப் பெயர் கொடுத்தேன். 2024இலும் 2025இலும் மறுகாவும் போனேன். மூன்று தடவையும் கால் தேறுவதற்கென்று என்னென்னவோ வாங்கினேன், செய்தேன். எது உதவியது, எது அலுமாரிக்குள் போனது என்பதுதான் இந்தக் கட்டுரை.

நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று. ஓட்டம் முடிந்து எத்தனையாவது நாள் அலுவலகப் படியில் கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்கினேன்? முதல் வருடம் ஒன்பதாவது நாள். எல்லாச் சாமான்களும் கையில் இருந்த இரண்டாம் வருடம் எட்டாவது நாள். மூன்றாம் வருடம் நான்காவது நாள். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நான் புதிதாக எதுவும் வாங்கவில்லை.

முதலில் உருளை. கொழும்புக் கடை ஒன்றில் வாங்கிய நுரை உருளை, ஒரு முழ நீளம். தரையில் போட்டு அதன்மேல் தொடையை வைத்து உருள வேண்டும். உருளும்போது உயிர் போகும், எழும்பினால் பத்து நிமிடம் கால் இலேசாக இருக்கும். அந்தப் பத்து நிமிடம் பொய்யில்லை, ஆனால் உளைவு அதற்காக ஒரு நாள் முந்திப் போனதும் இல்லை. எங்கள் ஊர்ச் சூட்டுக்கு எட்டு மாதத்தில் உருளை நடுவில் பள்ளம் விழுந்துவிட்டது. இப்போது அரை அடி விட்டமுள்ள பிவிசி குழாய்த் துண்டு ஒன்றில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி வைத்திருக்கிறேன். வேலை அதேதான். உருளை வாங்க நினைப்பவர்கள் முதலில் வீடு கட்டும் இடங்களில் வெட்டி எறிந்த குழாய் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் இறுக்க மேசு. முழங்காலுக்குக் கீழே கெண்டைக்காலை இறுக்கிப் பிடிக்கும் நீளமான மேசு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் அதைப் போட்டுக்கொண்டு படுப்பவனுக்குத் தனி மனத்தைரியம் வேண்டும். பதுளையிலிருந்து மகாஓயா, செங்கலடி வழியாகப் பஸ்ஸில் திரும்பி வரும்போது கால் வீங்காமல் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மணிக்கணக்கில் காலைத் தொங்கப்போட்டு இருக்கும் பயணத்துக்கு அது சரி. வீட்டில் இருக்கும்போது காலைத் தூக்கித் தலையணையில் வைத்தாலே போதும்.

பஸ் வழி என்றதும் மகாஓயா வெந்நீர் ஊற்று ஞாபகம் வருகிறது. இரண்டாம் வருடம் கூட்டாளியின் வானில் போனதால் திரும்பும் வழியில் இறங்கினோம். ஒவ்வொரு தொட்டிக்கும் ஒவ்வொரு சூடு. ஒன்றில் விரல் வைக்க முடியாது, இன்னொன்றில் தண்ணீரை அள்ளி ஊற்றிக்கொள்ளலாம். தொடையில் அந்தச் சூடு இறங்கிய சுகத்தை இன்றைக்கும் மறக்கவில்லை. அடுத்த நாள் படியில் அதனால் ஏதாவது வித்தியாசம் இருந்ததா என்று கேட்டால், இல்லை. சுகம் வேறு, தேறுதல் வேறு என்று எனக்கு விளங்கத் தொடங்கியது அங்கேதான்.

ஐஸ் பற்றிப் பேசாமல் விட முடியாது. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் கிடைக்கும் ஐஸ் ஒரு முழங்காலுக்கும் காணாது. அதனால் மீன் சந்தைக்குப் போய் ஒரு கட்டி வாங்கி, பெரிய பேசினில் உடைத்துப் போட்டுக் காலை வைத்தேன். இரண்டு நாளைக்கு என் காலைப் பூனை விடவில்லை. குளிர் நோவை மரக்கச் செய்யும், அது உண்மை. ஆனால் அடிபட்டால் ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற அந்தப் பிரபலமான நான்கையும் 1978இல் எழுதிய அமெரிக்க வைத்தியர் கேப் மிர்க்கினே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று 2014இல் சொல்லிவிட்டார். அந்தச் செய்தியை வாசித்த அன்றோடு பேசின் கிணற்றடிக்குத் திரும்பிப் போனது.

உளைவு என்றால் என்ன என்பதையும் நான் நெடுநாளாகப் பிழையாகத்தான் நினைத்திருந்தேன். "இலக்டிக் அமிலம் தேங்கி நிற்குது, உருட்டி வெளியேற்று" என்று சொல்லாத ஆள் இல்லை. அந்த அமிலம் ஓடி முடித்து ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் இரத்தத்திலிருந்து போய்விடும். இரண்டாம் மூன்றாம் நாள் உச்சத்துக்கு வரும் நோவு அதனால் வருவதில்லை. சரிவில் இறங்கும்போது தொடையின் முன்தசை சுருங்க முயன்றுகொண்டே நீட்டி இழுபடுகிறது. வண்டியை ஒவ்வொரு அடிக்கும் பிரேக் போட்டு இறக்குவது மாதிரி. அதில் தசை நார்களுக்குள் நுண்ணிய சேதம் வருகிறது, உடம்பு அதைத் திருத்தும்போது வீங்கி நோகிறது.

மட்டக்களப்பில் பிறந்து வளர்ந்த காலுக்கு இந்தப் பிரேக் பழக்கமே இல்லை. எழுவான்கரையில் நான் ஓடும் இடமெல்லாம் தட்டை. கல்லடிப் பாலத்தில் ஏறி இறங்கினால் அதுதான் எங்கள் மலை. முகத்துவாரம் வெளிச்சவீடு வரைக்கும் போய்த் திரும்பினாலும் கடல் மட்டத்திலிருந்து பனை உயரம் ஏறியிருக்க மாட்டேன். அப்படிப்பட்ட காலைக் கொண்டுபோய்த் தேயிலைத் தோட்டத்துக் கல்படிகளில் ஆயிரம் மீற்றருக்கு மேல் இறக்கினால் கக்கூசில் தொங்கத்தான் வேண்டும்.

தசைக்கு நல்ல குணம் ஒன்று இருக்கிறது. ஒரு முறை இறக்கத்தில் அடிவாங்கினால் அதை ஞாபகம் வைத்துக்கொள்கிறது. அடுத்த சில கிழமைகளுக்குள் அதே இறக்கம் மீண்டும் வந்தால் சேதம் மிகக் குறைவு. மூன்றாம் வருடம் நான் செய்தது இதைத்தான். இரண்டு மாதமாக அலுவலகத்தின் மூன்று மாடிகளையும் கிழமைக்கு இரண்டு நாள், வேலை முடிந்த பிறகு ஏறி ஏறி மெதுவாக இறங்கினேன். காவலாளி முதல் நாள் என்னிடம் "சேர், ஏதும் துலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார். ஓட்டத்துக்கு மூன்று கிழமைக்கு முன் ஒரு சனிக்கிழமை பதுளைப் பக்கம் போய், மேட்டை நடந்து ஏறிப் பள்ளத்தில் மட்டும் ஓடினேன். அதற்கு நாலு நாள் உளைவு. ஆனால் ஓட்டத்துக்குப் பிறகும் நாலு நாள்தான். பஸ் காசைத் தவிர இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

கைக்கடிகாரம் பற்றிக் கேட்பவர்கள் நிறைய. என்னிடம் இருப்பது இதயத் துடிப்பு, நித்திரை, தேறும் நேரம் எல்லாம் சொல்லும் வகை. முதல் ஓட்டம் முடிந்ததும் 72 மணித்தியாலம் ஓய்வு என்று காட்டியது. 72 மணித்தியாலம் முடிந்தபோது நான் படியில் பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தேன்! மணிக்கட்டில் துடிப்பைப் பார்க்கும் கருவிக்குத் தொடைக்குள் நடப்பது எப்படித் தெரியும்? அதோடு எனக்கு 53 வயதானபோது அது 220இலிருந்து வயதைக் கழித்து என் உச்சத் துடிப்பை 167 என்று வைத்திருந்தது. 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கும் மற்றக் கணக்கில் 171 வருகிறது. பாலத்தில் ஒரு நாள் முழு மூச்சாக ஓடிப் பார்த்தால் 176. எல்லாச் சூத்திரமும் சராசரிதான், நம் நெஞ்சு சராசரி என்று யார் சொன்னது? கடிகாரத்தில் நான் இன்றும் மதிப்பது ஒரே எண்ணை. அது காலையில் எழும்பியதும் காட்டும் ஓய்வுத் துடிப்பு. வழமையாக எனக்கு 54. ஓட்டத்துக்குப் பிறகு 62, 63 என்று நிற்கும். அது பழைய இடத்துக்கு இறங்கும் வரை சப்பாத்தைத் தொடுவதில்லை.

நோ மாத்திரை பற்றி மட்டும் கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன். முதல் வருடம் ஓட்டம் முடிந்த அன்றே பாமசியில் வாங்கி இரண்டு போட்டேன். உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும் நேரத்தில் அந்த வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும் என்று பிறகு எங்கள் குடும்ப வைத்தியர் ஏசினார். அவர் சொன்ன இன்னொன்று: ஓட்டத்துக்குப் பிறகு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் உருளை, எண்ணெய் என்று நிற்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தசை உடைந்து இரத்தத்தில் கலப்பதன் அடையாளம் அது.

சாப்பாட்டில் நான் மாற்றியது கொஞ்சம். நம் தட்டில் சோறு குடும்பிமலை மாதிரி நிற்கும், ஓரத்தில் மீன் ஒரு துண்டு. வயது போகப் போக ஒரே அளவு தசையைத் திருத்தவும் கூடுதல் புரதம் வேண்டும். ஒரு வேளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.4 கிராம் என்ற கணக்கில், 64 கிலோ எனக்கு 26 கிராம் வருகிறது. இரண்டு துண்டு மீனும் பருப்பும் இருந்தால் அது சரி. காலையில் புட்டுக்கு முட்டை இரண்டு, இரவு எருமைத் தயிர். புரத மாவு ஒரு டின் வாங்கினேன், பாதி கட்டிபட்டுப் போனது. தயிர் ஒரு நாளும் மிஞ்சவில்லை.

இவ்வளவும் தசையின் கதை. நரம்பு வேறு கதை. குதிக்காலுக்கு மேலே கயிறு மாதிரி ஓடுகிறதே, குதிநாண், அதைத்தான் சொல்கிறேன். 2024இல் ஓடிப் பத்தாம் நாள், உளைவு போய்விட்டது என்ற சந்தோசத்தில் கல்லடிக் கடற்கரை மணலில் எட்டுக் கிலோமீற்றர் ஓடினேன். அடுத்த நாள் காலை கட்டிலிலிருந்து இறங்கி வைத்த முதல் அடியிலேயே குதிக்கால் பிடித்துக்கொண்டது. தசைக்கு இரத்தம் நிறைய ஓடுகிறது, அது நாட்கணக்கில் ஆறும். நாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு, மாதக்கணக்கு. ஐம்பதைத் தாண்டிய ஓட்டக்காரர்களை மடக்குவது பெரும்பாலும் இதுதான்.

முறிவு நெரிவு வைத்தியரிடம் போனேன். எண்ணெய் போட்டு உருவி, "மூணு கிழமைக்கு ஓடப்படா" என்றார். எண்ணெய் இதமாக இருந்தது. மூன்று கிழமை இருந்தேன். ஓடினேன், திரும்ப வந்தது. பிறகு இயன்மருத்துவர் ஒருவர் காட்டியது இது: வாசற்படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து, இரண்டு காலாலும் எழும்பி, நோகும் காலால் மட்டும் குதியை மெல்லக் கீழே இறக்க வேண்டும். முழங்காலை நீட்டி 15 தடவை மூன்று சுற்று, மடக்கி 15 தடவை மூன்று சுற்று, காலையும் மாலையும், 12 கிழமை. சுவீடனைச் சேர்ந்த அல்ஃபிரட்சன் 1998இல் எழுதிய முறை. ஒரு நாளைக்கு 180 தடவை! கொஞ்சம் நொந்தால் செய்யலாம் என்பதுதான் எனக்குப் புதினம். ஐந்தாம் கிழமை வரை எந்த மாற்றமும் இல்லை. விட்டுவிடலாம் என்றே நினைத்தேன். எட்டாம் கிழமை காலை முதல் அடி நோகவில்லை. முழுதாக ஓடத் திரும்ப ஐந்து மாதம். இன்றும் கிழமைக்கு மூன்று நாள் செய்கிறேன். இந்த மூன்று வருடத்தில் எதற்காவது முழுப் புள்ளி கொடுப்பதென்றால் எங்கள் வாசற்படிக்குத்தான்.

"இந்த வயசில ஓடி முழங்காலத் தேய்க்காத" என்று அக்கா இன்னும் சொல்கிறா. 2017இல் வந்த தொகுப்பாய்வு ஒன்றில், பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 வீதமானவர்களுக்கே இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்வு இருந்தது. ஓடாதவர்களில் 10.2 வீதம். போட்டிக்கென்றே ஓடுபவர்களில்தான் 13.3. நான் வாசித்துக் காட்டினேன். "அது வெள்ளக்காரன்ட முழங்கால்" என்றா. சரி. கனடாவில் எட் விற்லொக் 2004இல் 73 வயதில் மரதனை 2 மணி 54 நிமிடம் 48 செக்கனில் ஓடியதைச் சொன்னாலும் அதே பதில்தான் வரும். முல்லைத்தீவு அகிலத்திருநாயகி 72 வயதில் பிலிப்பைன்சில் மூத்தோர் ஓட்டப் போட்டியில் தங்கப் பதக்கம் வாங்கி வந்த படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "இவ நல்ல சாப்பாடு சாப்பிட்டு வளந்தவ" என்றா.

நேரம் குறைகிறதா என்று கேட்டால், இல்லை. முதல் வருடத்தை விட மூன்றாம் வருடம் ஏழு நிமிடம் பிந்தித்தான் முடித்தேன். இறக்கத்தில் குறுகிய அடி வைத்து மெல்ல வந்ததால் போன நிமிடங்கள் அவை. அடுத்த கிழமை நான் குந்தியெழும்பிய சுகத்துக்கு ஏழு நிமிடம் மலிவு.

அந்த இறுக்க மேசுகளைக் கடற்கரையில் கரைவலை இழுக்கும் அண்ணன் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். அறுபத்தைந்து தாண்டியவர், என்னைவிட உறுதியான கால். நான் காசு கட்டி ஓடப் போகிறேன் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து என்னைப் பார்த்தால் சிரிப்பார். போன கிழமை கண்டபோது வலைக் கயிற்றைத் தோளில் போட்டபடி அந்த மேசோடு தண்ணீரில் நின்றார். எப்படி அண்ணன், கால் உளைவுக்குச் சுகமா என்று கேட்டேன்.

"உளைவா? எனக்கு எங்க உளைவு. சொறிமுட்டை படாது சேர், அதுக்கு நல்ல சாமான்."