லெஸ்னரா, நீலா? என் ஓட்டு ஸ்டீபன் நீலுக்கு

டென் ஸ்போர்ட்ஸில் டபிள்யூடபிள்யூஈ பார்த்து வளர்ந்தவர்களுக்கு பிராக் லெஸ்னரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. எனக்கும் அவர்மேல் பழைய பாசம் உண்டு. ஆனால் மல்யுத்தத்திலிருந்து அமெரிக்கக் கால்பந்துக்குத் தாவியவர்களில் யார் போன வழி சரி என்று பேச்சு வந்தால், நான் ஸ்டீபன் நீல் பக்கம்தான் நிற்பேன். 'அது யாருப்பா?' என்று கேட்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

இருவரும் நேருக்கு நேர் மோதியவர்கள். 1999இல் அமெரிக்கக் கல்லூரிகளுக்கான என்சிஏஏ மல்யுத்தப் போட்டியின் ஹெவிவெயிட் இறுதிச் சுற்று. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் லெஸ்னரை, பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து வந்த நீல் 3-2 என்று வென்றார். அதே ஆண்டு அங்காராவில் பிரீஸ்டைல் உலகப் பட்டத்தையும் தட்டினார். லெஸ்னர் 2000இல் என்சிஏஏ பட்டம் வாங்கினார். உடல்பலம், திறமை என்று பார்த்தால் ஒருவருக்கு ஒருவர் சளைத்தவர் இல்லை.

பணம், புகழ் இரண்டிலும் லெஸ்னர்தான் மேல், அதில் பேச்சே இல்லை. 25 வயதில் டபிள்யூடபிள்யூஈயில் ராக்கை வீழ்த்தி சாம்பியன் ஆனவர். நான் சொல்ல வருவது கால்பந்தைப் பற்றி மட்டும்.

அதில் இருவருக்கும் ஒரே குறை இருந்தது. கல்லூரி அளவில் இருவருமே கால்பந்து ஆடவில்லை. நீல் படித்த கல்லூரியில் கால்பந்து அணியே கிடையாது. 2000 சிட்னி ஒலிம்பிக்குக்கான தேர்வில் கெர்ரி மெக்காயிடம் நீல் தோற்றார். மறு ஆண்டு, 24 வயதில், நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணியில் சேர்ந்தார். சீசன் தொடங்கும் முன்பே கழற்றிவிட்டார்கள். பிலடெல்பியா ஈகிள்ஸ் அவரைப் பயிற்சிக் குழுவில் எடுத்துக்கொண்டது. அந்தக் குழுவில் இருப்பவருக்குச் சம்பளம் உண்டு, வாரம் முழுக்கப் பயிற்சி உண்டு, ஆட்டநாளில் மட்டும் களமிறங்க முடியாது. அப்புறம் டிசம்பரில் பேட்ரியாட்ஸே திரும்பக் கூப்பிட்டது. 2002இல் கார்டு இடத்தில் (பந்தை எறிபவரை எதிரணி நெருங்காமல் தடுக்கும் முன்வரிசை இடம்) முதல்முறையாக ஆட்டத்தைத் தொடங்கியபோது தோள்பட்டை போனது. 2003 முழுவதும் வெளியே. ஆக, நிரந்தர இடம் கிடைத்தது 2004இல்தான். அந்த சீசனின் சூப்பர் பவுலில், அதாவது சாம்பியன் யார் என்று முடிவாகும் இறுதி ஆட்டத்தில், பந்தை எறியும் டாம் பிரேடிக்கு அரணாக நின்று, தன்னைப் பயிற்சிக் குழுவில் வைத்திருந்த அதே ஈகிள்ஸை வீழ்த்திய அணியில் ஆடினார். ஓய்வு பெற்றது 2011இல். மூன்று சூப்பர் பவுல் வென்ற வீரர் என்று அவரைச் சொல்வார்கள். முதல் இரண்டில் அவர் களத்தில் இறங்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

லெஸ்னர் 2004 மார்ச்சில் டபிள்யூடபிள்யூஈயை விட்டு மினசோட்டா வைக்கிங்ஸ் கால்பந்து அணியின் பயிற்சி முகாமுக்குப் போனார். இடையில், ஏப்ரலில், மோட்டார் சைக்கிள் விபத்து: தாடை உடைந்தது, கை உடைந்தது, தொடை இடுக்கில் காயம். ஆகஸ்ட் கடைசியில் அணியிலிருந்து நீக்கிவிட்டார்கள். அமெரிக்கக் கால்பந்தின் முதன்மை லீக்கான என்எஃப்எல் ஐரோப்பாவில் நடத்திய லீக்கில் ஆடிப் பழகி வரலாம் என்று ஒரு வாய்ப்பு வந்தது. குடும்பத்தை விட்டுப் போக மனமில்லை என்று மறுத்துவிட்டார்.

எனக்கு எல்லாமே முடிவாவது இந்த இடத்தில்தான். மல்யுத்த வீரனுக்கு இடுப்பைத் தாழ்த்தி நிற்கவும், கையை எதிராளியின் மார்புக்குள் கொடுத்து நிறுத்தவும், தள்ளினால் நிலை தடுமாறாமல் இருக்கவும் யாரும் சொல்லித்தர வேண்டாம். அவனுக்குத் தெரியாதது வேறு. எதிரணி கடைசி நொடியில் இடம் மாறி நின்றால் யாரை நான் பிடிப்பது, பக்கத்தில் நிற்பவன் யாரைப் பிடிப்பான் என்று யோசிக்காமலே உடம்பு நகர வேண்டும். மற்றவர்கள் அதைப் பள்ளியிலும் கல்லூரியிலும் ஏழெட்டு வருடம் பழகியிருப்பார்கள். தாமதமாக வருபவன் அந்த வருடங்களை எங்காவது செலவழித்தே ஆக வேண்டும். நீல் மூன்று சீசன்களைக் கிட்டத்தட்ட ஆடாமலே செலவழித்தார், உலக சாம்பியனாக இருந்துகொண்டு. சின்ன விஷயமா அது? லெஸ்னர் கொடுத்தது ஒரு கோடைக்காலம்.

கார்லட்டன் ஹேசல்ரிக் கதையும் நீல் மாதிரிதான். கல்லூரியில் கால்பந்து அணி இல்லை, ஆறு என்சிஏஏ மல்யுத்தப் பட்டங்கள், 1989இல், அணிகள் புது வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் 12ஆம் சுற்றுத் தேர்வு. 1992 சீசனில், சிறந்த வீரர்களை மட்டும் அழைக்கும் புரோ பவுல் ஆட்டம் வரை போனார். அவரும் கார்டுதான். மறுபக்கம் கேபிள் ஸ்டீவ்சன். டோக்கியோவில் ஒலிம்பிக் தங்கம் வென்றவர், 2024இல் பஃபலோ பில்ஸ் அணியின் முகாமில் டிபென்சிவ் லைனில் (எதிரணியின் தாக்குதலைத் தடுக்கும் முன்வரிசை) முயன்றார், ஆகஸ்டில் அனுப்பிவிட்டார்கள். லெஸ்னர் முயன்றதும் அதே டிபென்சிவ் லைன். அங்கே பந்து நகர்ந்த கணமே பாய வேண்டும். கார்டோ தன்மேல் வருபவனைச் சில நொடிகள் தாங்கி நிறுத்தினால் போதும், மல்யுத்தம் கைகொடுப்பது அங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் இந்த ஆட்டத்தை டிவியில் பார்த்தவனே தவிர ஆடியவன் இல்லை. நாலு பேரை வைத்துப் போட்ட கணக்கு வேறு. அதனால் இதை அடித்துச் சொல்ல மாட்டேன்.

லெஸ்னர் பக்கம் ஒரு நியாயமும் இருக்கிறது. அந்த விபத்து நடக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஐரோப்பாவுக்குப் போய் இரண்டு மூன்று வருடம் கால்பந்து பழகியிருந்தால், 2008 நவம்பரில் ரேண்டி கூட்டூரை வீழ்த்தி, குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த யூஎஃப்சி சண்டைப் போட்டியின் பட்டம் வாங்கியிருப்பாரா என்பதும் சந்தேகம். கைவசம் வேறு தொழில் இருப்பவனிடம் 'மூணு வருஷம் உட்காரு' என்று சொன்னால் உட்கார மாட்டான். நீலுக்கு அப்படி ஒரு மாற்று வழி இருந்திருந்தால் அவரும் உட்கார்ந்திருப்பாரா என்று லெஸ்னர் ரசிகர்கள் கேட்கலாம். கேட்கட்டும், என் ஓட்டு மாறாது.