இரங்கலும் எக்காளமும்: ராணி மறைவுக்கு அயர்லாந்தின் இரு குரல்கள்

2022 செப்டம்பர் 8 அன்று எலிசபெத் ராணி மறைந்ததும் அயர்லாந்து அரசு கட்டடங்களில் கொடிகளை அரைக்கம்பத்துக்கு இறக்கச் சொன்னது. குடியரசுத் தலைவர் ஹிக்கின்ஸ் இரங்கல் தெரிவித்தார். அதே இரவு டப்ளின் டாலா மைதானத்தில் ஷாம்ராக் ரோவர்ஸ் என்ற கால்பந்து கிளப்பின் ரசிகர்களில் ஒரு பகுதியினர் அந்தச் சாவைப் பாட்டுப் பாடிக் கொண்டாடினார்கள். கிளப்பே அதைக் கண்டித்தது.

இரங்கலுக்கு வேர் 2011 மே மாதத்தில் இருக்கிறது. அயர்லாந்தின் விடுதலைக்காகப் பிரிட்டனை எதிர்த்து மடிந்தவர்களுக்கு டப்ளினில் அமைந்த நினைவுத் தோட்டத்தில் ராணி மலர்வளையம் வைத்துத் தலைகுனிந்தார். மறுநாள் டப்ளின் கோட்டை விருந்தில் பேச்சை ஐரிஷ் மொழியில் தொடங்கினார். கணவரின் மாமா மவுண்ட்பேட்டனை 1979இல் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஆயுதக் குழுவான ஐஆர்ஏவின் குண்டுக்குப் பறிகொடுத்தவர், 2012இல் முன்னாள் ஐஆர்ஏ தளபதி மெக்கின்னஸோடு கைகுலுக்கினார். சாதாரண விஷயமா அது?

எக்காளத்துக்கும் காரணம் உண்டு. 1972இல் வட அயர்லாந்தின் டெரி நகரில் நிராயுதபாணிகளைச் சுட்ட பிரிட்டிஷ் படைப்பிரிவின் தளபதிக்குப் பின்னர் அரச விருதே கிடைத்தது.

சாவைக் கொண்டாடுவதை என்னால் ஏற்க முடியாது. ஆனால் டெரியில் பிள்ளையைப் புதைத்த வீட்டாரை அழச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. பேசாமல் இருக்கட்டுமே. ஐஆர்ஏவின் அரசியல் முகமாக இருந்த சின் ஃபெயின் கட்சியின் தலைவர்களில் ஒருவரான மிஷேல் ஓ'நீலோ மனமார இரங்கல் சொன்னார். என் மதிப்பு அவருக்குத்தான்.