பிக் பிட்: கைபேசியை மேலே விட்டுவிட்டு 90 மீட்டர் கீழே

தென் வேல்ஸின் பிளைனாவன் ஊரில் இருக்கும் பிக் பிட் நிலக்கரி அருங்காட்சியகத்துக்குப் போனதும் முதல் வேலையாகச் சுரங்கத்துக்குள் இறங்கும் சுற்றில் இடம் பிடித்துவிடுங்கள். மேலே உள்ள கண்காட்சிகளும் கொல்லர் பட்டறையும் குளியல்கூடமும் மாலை வரை திறந்திருக்கும். சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டு அதுவரை காத்திருக்காது. வழக்கமாகக் காலை 10 மணிவாக்கில் தொடங்கும் சுற்றுகள் பிற்பகல் 3.30 அளவில் முடிந்துவிடும், குளிர்காலத்தில் நேரம் இன்னும் குறையலாம். கிளம்பும் முன் அன்றைய நேரத்தையும் சுற்றுக்கான சீட்டு நிலவரத்தையும் அருங்காட்சியக இணையதளத்தில் பார்த்துவிடுவது நல்லது. சாப்பிட்டுவிட்டு நிதானமாக இறங்கலாம் என்று தள்ளிப்போட்டால், பள்ளி விடுமுறை நாட்களில் இடம் கிடைக்காமலே திரும்ப நேரிடும்.

பெயருக்கு ஏற்ற குழிதான் இது. 1880-ல் சுமார் 90 மீட்டர் ஆழத்துக்கு இறக்கப்பட்டது. சாதாரணக் குழிகளைப்போல வட்டமாக இல்லாமல், நிலக்கரி வண்டிகள் இரண்டு வரிசையாகப் பக்கத்தில் பக்கத்தில் இறங்குமளவுக்கு நீள்வட்டமாக வெட்டினார்கள். அந்த அகலத்தால் வந்த பெயர்தான் ‘பெரிய குழி’. 1923-ல் ஏறத்தாழ 1,400 பேர் வேலை செய்தார்கள். 1970-களில் தோண்ட மிஞ்சியிருந்த நிலக்கரி அடுக்கின் தடிமன் அதிகபட்சம் 30 அங்குலம், ஒரு சாப்பாட்டு மேசையின் உயரம். 1980 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. 1983-ல் பார்வையாளர்களுக்குத் திறக்கப்பட்டது. மற்ற பல தொழில் அருங்காட்சியகங்களைப்போல இயந்திரங்களுக்கு வண்ணம் பூசிக் கயிறு கட்டி வைத்துவிடவில்லை. இறங்கிப் பார்க்க முடிகிறது என்பதுதான் இங்கே எல்லாவற்றையும்விடப் பெரிது.

இறங்குவதற்கு முன் விளக்கறையில் தலைக்கவசம், அதில் மாட்டும் விளக்கு, இடுப்பு பெல்ட், மின்கலம், ‘செல்ஃப் ரெஸ்க்யூயர்’ எனப்படும் உலோகப் பெட்டி ஆகியவற்றைத் தருகிறார்கள். மொத்தம் சுமார் 5 கிலோ. எடையில் பெரும்பகுதி இடுப்பில் தொங்குவதால் பெல்ட்டை இறுக்கிக் கட்டுங்கள். தளர்வாக விட்டால் பத்து நிமிடத்தில் நழுவத் தொடங்கும். அந்தப் பெட்டி ஆக்சிஜன் தருவதில்லை. தீ விபத்தில் உண்டாகும் கார்பன் மோனாக்சைடை வேதிவினையால் கார்பன் டை ஆக்சைடாக மாற்றி, வெளியேறுவதற்கான அவகாசத்தைத் தருகிறது. வினை நடக்கும்போது வெப்பம் உண்டாகும், ஆகவே வாய்க்குள் வரும் காற்று சுடும். சுடுகிறதே என்று வாயிலிருந்து எடுத்துவிடக் கூடாது; சுடுகிறது என்றால் பெட்டி வேலை செய்கிறது என்று பொருள்.

அடுத்து, பேட்டரி உள்ள எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும்: கைபேசி, கேமரா, பேட்டரிக் கைக்கடிகாரம், பொத்தானை அமுக்கித் திறக்கும் கார் சாவி. தீப்பெட்டியும் லைட்டரும் சொல்லவே வேண்டாம். பலரும் மறப்பது கார் சாவியைத்தான். இதை நாடகம் என்று நினைக்க வேண்டாம். சட்டத்தின் பார்வையில் இது இன்றும் சுரங்கம். நிலக்கரியிலிருந்து கசியும் மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு சிறு பொறி போதும், வெடித்துவிடும். உடலில் மின்கருவி பொருத்தியிருப்பவர்கள் கிளம்பும் முன்பே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். சக்கர நாற்காலியில் வருபவர்களும் இறங்கலாம், அதற்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஒரு மீட்டர் உயரம் இல்லாத குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. அதனால் சிறு குழந்தையோடு போனால் பெரியவர்கள் முறை வைத்துத்தான் இறங்க முடியும்.

கீழே சுமார் 50 நிமிடம். வழிகாட்டிகள் சுரங்கத் தொழில் தெரிந்தவர்கள்; கேள்வி கேட்டால் உற்சாகமாகப் பேசுவார்கள். வேல்ஸ் பள்ளத்தாக்கு உச்சரிப்பு பழகாதவர்கள் வழிகாட்டியின் பக்கத்திலேயே நடப்பது நல்லது, பாதை குறுகலானது என்பதால் பின்னால் நிற்பவர்களுக்குப் பாதிப் பேச்சு எட்டாது. கூரை சில இடங்களில் தாழ்ந்து வரும். உயரமானவர்கள் காலடியையே பார்த்து நடந்தால் தலைக்கவசம் இடிக்கும். விளக்கைச் சில அடி முன்னால் விழும்படி சாய்த்து வைத்துக்கொண்டால் தரையும் தெரியும், கூரையும் தெரியும்.

இரண்டு இடங்களில் மனம் நின்றுவிடும். ஒன்று காற்றுக் கதவு. நல்ல காற்று சுற்றிவந்து தோண்டும் முகப்பை அடைய வேண்டுமென்றால் இந்தக் கதவுகள் மூடியே இருக்க வேண்டும். வண்டி வரும்போது மட்டும் திறக்க ஓர் ஆள் வேண்டும். பிரிட்டிஷ் சுரங்கங்களில் அந்த ஆள் பெரும்பாலும் ஒரு குழந்தை. பெண்களும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களும் சுரங்கத்துக்குள் வேலை செய்வதை 1842-ல்தான் சட்டம் தடுத்தது. அந்தக் கதையைச் சொல்லிவிட்டு எல்லோரையும் விளக்கை அணைக்கச் சொல்கிறார் வழிகாட்டி. முகத்துக்கு நேரே பிடித்த கை தெரியாது. கண் பழகட்டும் என்று காத்திருந்தாலும் பயனில்லை, பழகுவதற்கு அங்கே துளி வெளிச்சம்கூட இல்லை. இருட்டுக்குப் பயப்படும் குழந்தை இருந்தால் முன்பே சொல்லிக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று குதிரை லாயம். நிலத்துக்கடியில் கட்டுத்தறிகள், ஒவ்வொன்றிலும் குதிரையின் பெயர்.

மேலே வந்ததும் மேட்டின் மேல் இருக்கும் குளியல்கூடத்துக்கு ஏறுங்கள். பலர் களைப்பில் இதை விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாத இடம். 1939-ல் கட்டியது. ஒரு தொழிலாளிக்கு இரண்டு லாக்கர்கள், ஒன்று வீட்டு உடைக்கு, ஒன்று சுரங்க உடைக்கு. சுத்தமான பக்கத்தில் உடையைக் களைந்து, குளியலறை வழியே கடந்து, அழுக்குப் பக்கத்தில் சுரங்க உடையை மாட்டுவார். வேலை முடிந்து திரும்பும்போது வழி தலைகீழ். லாக்கர்களுக்குள் சூடான காற்றைச் செலுத்தியதால் நனைந்த துணி மறுநாளைக்குள் காய்ந்துவிடும். இது வரும்வரை கரி படிந்த உடம்போடு வீட்டுக்குப் போய் அடுப்படியில் தகரத் தொட்டியில்தான் குளித்தார்கள். அந்தத் தண்ணீரைத் தூக்கிக் காய்ச்சி ஊற்றிய பெண்களின் உழைப்பை நினைத்துக்கொண்டு இந்த லாக்கர் வரிசைகளுக்கு நடுவே நடந்து பாருங்கள். உணவகமும் இதே கட்டடத்தில்தான்.

இயந்திரச் சுரங்க முறையை ஒலி ஒளியோடு காட்டும் கூடம் சிறுவர்களுக்குப் பிடிக்கும், சத்தம் மட்டும் கொஞ்சம் அதிகம். கூண்டை இயக்கும் இயந்திர அறைக்குக் கால் மணி நேரம் போதும்.

அருங்காட்சியகத்துக்குள் நுழைய கட்டணம் இல்லை. கார் நிறுத்தக் காசு உண்டு. மலைச்சரிவு என்பதால் கோடையிலும் காற்றும் மழையும் வரும், சுரங்கத்துக்குள் ஆண்டு முழுதும் குளிர்தான். தரை ஈரமாக இருக்கும். தட்டையான, பிடிப்புள்ள மூடிய காலணி அணியுங்கள். சேலை, நீண்ட பாவாடை அணிந்தால் பெல்ட் கட்டுவதும் நடப்பதும் சிரமம். சொந்த வண்டி இல்லாதவர்கள் பேருந்தில் பிளைனாவன் வரை வந்து, அங்கிருந்து மேட்டில் ஏற வேண்டும். நான்கு மணி நேரமாவது ஒதுக்குங்கள். நேரம் மிஞ்சினால் ஊருக்குள் 1789-ல் தொடங்கிய இரும்பாலையின் ஊதுலைகள் நிற்கின்றன. இந்தச் சுரங்கத்தையும் சேர்த்து 2000-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற நிலப்பரப்பின் பகுதி அதுவும்.