தளர்ந்த ஸ்டீயரிங்: சர்வோவை மாற்றுவதா, இணைப்புகளைச் சீர்செய்வதா?

காவிரிப் படுகையில் ஆர்.சி. டிரக் (ரிமோட்டில் இயங்கும் சிறு மாதிரி டிரக்) ஓட்டுபவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பவை இரண்டு தரைகள். ஒன்று, சம்பா அறுவடை முடிந்து, உளுந்து தெளிக்காமல் தரிசாகக் கிடக்கும் வயல்; மற்றது, தண்ணீர் வற்றிய கொள்ளிடத்து மணல். வயலில் காய்ந்த களிமண் கட்டிகளும் அறுத்த தாள்களும் முன்சக்கரங்களை ஓயாமல் இடிக்கின்றன; மணலிலோ சக்கரம் முழுவதும் திரும்பிய பிறகும் பிடிமானமின்றி வண்டி நேராகவே போகிறது. இரண்டையும் ‘ஸ்டீயரிங் சரியில்லை’ என்றே சொல்லிவிட்டு, அதிகத் திறனுள்ள சர்வோவை, அதாவது முன்சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டார் பெட்டியை, உடனே வாங்கிவிடுகிறார்கள். நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கான 1/10 அளவு டிரக்கில் அது கடைசியாகச் செய்ய வேண்டிய செலவு என்பது என் உறுதியான கருத்து.

எதை மாற்றுவது என்பதை மேசை மீதே கண்டறியலாம். ஒரு முன்சக்கரத்தை விரல்களால் இறுகப் பிடித்துக்கொண்டு, இன்னொருவரை ரிமோட்டைத் திருப்பச் சொல்லுங்கள். சர்வோவின் அச்சு திரும்ப முடியாமல் முனகினால் சர்வோவுக்குத் திறன் போதவில்லை. அச்சு திரும்பியும் சக்கரம் அசையவில்லை என்றால் சர்வோ சேவரின் (மோதலின் அடியை சர்வோவுக்குப் போகவிடாமல் தாங்கும் இடையிணைப்பின்) ஸ்பிரிங் வளைந்துகொடுக்கிறது. சர்வோவே தன் இருக்கையில் நெளிந்தால் திருகுகளை இறுக்கினாலே வேலை முடிந்துவிடும். பிறகு ரிமோட்டைத் தொடாமல் சக்கரத்தை மட்டும் இடவலமாக அசைத்துப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் நகரும் தூரம்தான் இணைப்புகளில் இருக்கும் ஆட்டம்.

நம் பகுதியில் அந்த ஆட்டம்தான் முதல் எதிரி. வண்டல் மண் மாவுபோல் நுண்ணியது. பெல்கிராங்கின் (சர்வோவின் அசைவைச் சக்கரங்களுக்குக் கடத்தும் நெம்புகோலின்) பிளாஸ்டிக் புஷ்களுக்குள், அதாவது அச்சைத் தாங்கும் சிறு குழல்களுக்குள், ஈரத்தோடு புகுந்து, காய்ந்து, அச்சை அரைத்துக்கொண்டே இருக்கிறது. கழற்றித் துணியால் துடைத்தால் பழுப்பு நிறப் பசையாக வரும். புது புஷ்கள் மலிவானவை, துருப்பிடிக்காதவை, ஆனால் மீண்டும் தேய்பவை. பால் பேரிங்குகள் ஆட்டத்தை வெகுவாகக் குறைத்து, திருப்பத்தை இலகுவாக்கும்; இரும்பு மூடி உள்ளவற்றை விட்டு ரப்பர் மூடி உள்ளவற்றையே தேர்ந்தெடுக்க வேண்டும். சேற்றில் ஓடிய அன்றே கழுவி, உலர்த்தி, எண்ணெய் விடும் பழக்கம் உள்ளவருக்குப் பேரிங். அதற்கு நேரமில்லாதவருக்கும், நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் ஓட்டுபவருக்கும் புஷ். இணைப்புக் கம்பிகளின் நுனியில் உள்ள பந்து முனைகள் தளர்ந்திருந்தால் அவற்றையும் அப்போதே மாற்றிவிடலாம்.

சர்வோ சேவரைப் பற்றித்தான் கருத்து வேறுபாடு அதிகம். அதை நீக்கிவிட்டு நேரடி ஹார்ன் (சர்வோ அச்சில் மாட்டும் கை) பொருத்துவது, மெதுவாக ஊர்ந்து ஏறும் கிராலர் வண்டிகளுக்குப் பொருந்தும். வரப்பில் வேகமாக மோதக்கூடிய டிரக்கில் அப்படிச் செய்தால் அடி முழுவதும் சர்வோவின் பற்சக்கரங்களில் இறங்கும். உலோகப் பல்லும் அதற்கு விலக்கல்ல. ஸ்பிரிங்கைச் சற்று இறுக்குவதோ, விறைப்பானதாக மாற்றுவதோ நடுவழி. மெலிந்த சேவரை அப்படியே வைத்துக்கொண்டு 20 கிலோ-செ.மீ. திறனுள்ள சர்வோ போட்டால், கூடுதல் திறன் ஸ்பிரிங்கை வளைப்பதிலேயே தீர்ந்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் அச்சு முனகினால் சர்வோவை மாற்றுவது நியாயம். 10 கிலோ-செ.மீ. என்றால் அச்சிலிருந்து 1 செ.மீ. தொலைவில் 10 கிலோ எடையைத் தாங்கும் திறன். எம்.ஜி.996ஆர் வகை சர்வோ 6 வோல்ட்டில் ஏறத்தாழ 11 கிலோ-செ.மீ. தருவதாகக் குறிக்கப்படுகிறது, அதன் மலிவான நகல்கள் பலவற்றில் நடுநிலைக்குத் திரும்பும் துல்லியம் குறைவு, ஆகவே நேராக ஓடவேண்டிய டிரக்குக்கு அவற்றை நான் பரிந்துரைக்கமாட்டேன். வாங்குமுன் அச்சின் பல் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும்: ஃபுடாபா நிறுவன வகைக்கு 25, ஹைடெக் வகைக்கு 24, ஜே.ஆர். வகைக்கு 23, மாறினால் பழைய ஹார்ன் பொருந்தாது. பெரிய சர்வோ சிக்கி நிற்கும் தருணத்தில் 2 ஆம்பியருக்கு மேல் இழுக்கக்கூடும். இ.எஸ்.சி.யில் (ஓட்ட மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியில்) உள்ள பி.இ.சி., அதாவது சர்வோவுக்கும் ரிசீவருக்கும் மின்சாரம் தரும் சுற்று, அதைத் தாங்காவிட்டால் மின்னழுத்தம் சரிந்து, ரிமோட்டின் சைகையைப் பெறும் ரிசீவர் அணைந்து எழும். அந்நேரம் வேகக் கட்டுப்பாடும் கையைவிட்டுப் போகும். தனி பி.இ.சி.யின் விலையையும் சேர்த்துத்தான் இந்த வழியின் செலவைக் கணக்கிட வேண்டும்.

மணலில் நேராகச் சறுக்கும் வண்டிக்கு மேற்சொன்ன எதுவும் பெரிதாக உதவாது. அங்கே முன் டயரின் பொத்தான்கள் (மேற்பரப்பில் உள்ள புடைப்புகள்) உயரமாக இருப்பதும், வளைவுக்கு முன்பே வேகத்தைத் தளர்த்துவதும்தான் பயன் தருபவை. டர்ன்பக்கிளை (நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகுக் கம்பியை) திருகி முன்சக்கரங்களை ஒரு பாகை அளவு வெளிநோக்கி வைத்தால் இறுகிய தரையில் திரும்பத் தொடங்குவது கூர்மையாகும், நேர் ஓட்டத்தின் நிதானம் குறையும். மணலில் அந்த வேறுபாடு தெரியாது. எந்த வழியை எடுத்தாலும், சர்வோவை அதற்கு வரும் சைகையின் 1.5 மில்லிவிநாடித் துடிப்பில், அதாவது நடுநிலையில் வைத்து ஹார்னைப் பொருத்திய பிறகே, இருபுறமும் சக்கரம் முட்டும் இடத்துக்குச் சற்று முன் எண்ட் பாயிண்டை (சர்வோ திரும்பும் எல்லையை) ரிமோட்டில் அமைக்க வேண்டும். அதைத் தாண்டி அமைத்தால் ஒவ்வொரு முழுத் திருப்பத்திலும் சர்வோ முட்டி நின்று சூடேறும்.